இருபது மணி நேரம்

பள்ளிக்கு மின்வழிக் கற்றல் தொலைநோக்குத் திட்டம் எழுதச் சொன்னால் தலைமையாசிரியர்கள் முதலில் செய்வது, ஏற்கெனவே எழுதிய பள்ளியிடம் கேட்டு வாங்குவதுதான். எனக்கும் அப்படி ஒரு கோப்பு வாட்ஸாப்பில் வந்து சேர்ந்தது. முதல் பக்கத்தில் இருபத்தோராம் நூற்றாண்டு, அறிவுசார் சமூகம், உலகக் குடிமக்கள் எல்லாம் இருந்தன. இரண்டாம் பக்கத்திலிருந்து கடைசிவரை சாமான் பட்டியல். ஸ்மார்ட் போர்டு இத்தனை, புரொஜெக்டர் இத்தனை, டேப் இத்தனை, ஏசி ஒன்று. நடுவில் ஓரிடத்தில் மூன்றாவது பள்ளி ஒன்றின் பெயர் மாற்றப்படாமலே கிடந்தது. அனுப்பிய நண்பரும் யாரிடமோ வாங்கியதுதான்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கம் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் அப்போது நான் தலைமையாசிரியர். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை 16 பிரிவுகள், ஏறக்குறைய 640 பிள்ளைகள். இயற்பியல் முதுகலை ஆசிரியராக இருந்து பதவி உயர்வில் வந்தவன்; எதையும் அளந்து பார்க்கிற புத்தி கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. 2022இல் தமிழ்நாடு முழுக்கப் பள்ளி மேலாண்மைக் குழுக்களை மறுகட்டமைப்புச் செய்தார்கள். 20 பேர் கொண்ட குழுவில் 15 பேர் பெற்றோர். கல்வி உரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு பள்ளி வளர்ச்சித் திட்டத்தை இந்தக் குழுவே தயாரிக்க வேண்டும் என்கிறது. அதில் கணினிவழிக் கற்றலுக்கு ஒரு பகுதி எழுத வேண்டும். வந்த பட்டியலில் பெயரை மாற்றி அனுப்பியிருந்தால் யாரும் ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள்.

ஆனால் பள்ளிக்குள் சாமான் வந்த கதைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நான் படித்த பள்ளியில் தலைமையாசிரியர் அறை பீரோவின் மேல் ஒரு வானொலிப் பெட்டி உறை போட்டு இருந்தது. பள்ளி ஒலிபரப்புக்காக வாங்கியது. சுதந்திர தினத்தன்று உறையைக் கழற்றித் துடைப்பார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த பள்ளியில் அதே மாதிரி பீரோவின் மேல் வண்ணத் தொலைக்காட்சியும் டிவிடி பிளேயரும் இருந்தன. அவற்றுக்கும் உறை இருந்தது.

இதை ஆசிரியர்களின் சோம்பல் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். உண்மையான காரணம் இருப்புப் பதிவேடு. பொருள் யார் பெயரில் வரவு வைக்கப்பட்டதோ அவர்தான் அதற்குப் பொறுப்பு. உடைந்தால், காணாமல் போனால், தணிக்கையில் அவர் பதில் சொல்ல வேண்டும். ஓய்வு பெறும் நேரத்தில் தடையின்மைச் சான்று நிற்கும். பயன்படுத்தாமல் பழுதான பொருளுக்கு யாரும் விளக்கம் கேட்டதில்லை. பயன்படுத்திப் பழுதான பொருளுக்குக் கேட்பார்கள். இப்படி ஒரு ஏற்பாட்டில் யார் இருந்தாலும் பூட்டைத்தான் முதலில் வாங்குவார்கள். அதனால் எங்கள் திட்டத்தின் முதல் தீர்மானமே சாவி பற்றியது. கணினி ஆய்வகச் சாவி காலை 9 மணிக்கு ஆணியில் தொங்க வேண்டும், அந்த நாள் அட்டவணைப்படி யார் வகுப்போ அவர் எடுத்துக்கொள்ளலாம், சாதாரணப் பயன்பாட்டில் பழுதானால் அது குழுவின் பொறுப்பு என்று மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, நகலை இருப்புப் பதிவேட்டிலேயே ஒட்டினோம். தணிக்கைக்கு அது எவ்வளவு தாங்கும் என்பது வேறு விஷயம். கணினி ஆசிரியை முகத்தில் இருந்த இறுக்கம் தளர்ந்தது. அதுவே அப்போதைக்குப் போதுமாக இருந்தது.

தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு எதுவும் வராமல் இல்லை. 2011 செப்டம்பரில் மேல்நிலை மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி தொடங்கியது. 2018இல் புதிய பாடநூல்கள் வந்தபோது பக்கத்துக்குப் பக்கம் க்யூஆர் கோடு. 2019இல் கல்வித் தொலைக்காட்சி. அதையொட்டியே 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப். உயர்நிலைக்கு 10 கணினி, மேல்நிலைக்கு 20. பொருளைக் கொடுத்த வேகத்துக்குக் குறை சொல்ல முடியாது. வந்ததை எந்த பீரியடில் யார் எதற்காகத் தொடுவார் என்று பள்ளிக்குள்தான் யாரும் எழுதி வைக்கவில்லை. சென்னையிலிருந்து அதை எழுதவும் முடியாது.

கொரோனாக் காலத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் அப்பாவோ, அப்பா அம்மா இருவருமோ பெங்களூரில் கட்டட வேலை. வீட்டுக்கு ஒரு ஆண்ட்ராய்டு போன் இருந்தாலும் அது பெங்களூரில் இருக்கும். ஊரில் பாட்டியிடம் பட்டன் போன். முதல் பொதுமுடக்கத்தில் எல்லோரும் ஊர் திரும்பியபோது போனும் திரும்பியது. வாட்ஸாப் குழுவில் வகுப்பு நிறைந்தது. வேலை தொடங்கி அவர்கள் கிளம்பியதும் குழு காலியானது. வருகைப் பதிவைப் பார்த்தே பெங்களூரில் எந்த வாரம் கான்கிரீட் போட ஆரம்பித்தார்கள் என்று சொல்லிவிடலாம். கல்வித் தொலைக்காட்சி அரசு கேபிளில் 200ஆம் எண்ணில் வந்தது. டிஷ் வைத்திருந்த வீடுகளில் அந்த எண்ணில் வேறெதுவோ ஓடியது. பார்த்த பிள்ளைகளுக்கும் சந்தேகம் கேட்க ஆளில்லை. ஆகவே 2022இல் திட்டம் எழுத உட்கார்ந்தபோது ஒன்றில் மட்டும் தெளிவாக இருந்தேன். வீட்டில் இருக்கும் கருவியை நம்பி ஒரு வரியும் எழுதக் கூடாது. பள்ளி வளாகத்துக்குள், பள்ளி நேரத்துக்குள் நடப்பதுதான் கணக்கு.

அப்படியானால் எவ்வளவு நேரம்? கணினி ஆசிரியையும் நானும் ஒரு சனிக்கிழமை மதியம் உட்கார்ந்து போட்ட கணக்கு இது. வாரத்துக்கு 40 பீரியட். மேல்நிலை கணினிப் பிரிவின் செய்முறைக்கு 8 போகும். மாநில அளவில் லேப்பிலேயே நடத்தும் இணையத் தேர்வுகள், காணொலிக் கூட்டங்கள், எமிஸ் என்னும் கல்வித் தகவல் தளப் பதிவுகள் இவற்றுக்கு 4 என்று ஒதுக்கினோம். அது குறைவு, ஆனாலும் எழுதி வைத்தால்தான் மீறும்போது கேட்க முடியும். மிச்சம் 28. ஆறு முதல் பத்துவரை 10 பிரிவு, பிரிவுக்கு 2 பீரியட் என்றால் 20. மீதி 8 எந்த ஆசிரியர் வேண்டுமானாலும் முன்பதிவு செய்துகொள்ளும் திறந்த பீரியட்.

இப்போது ஒரு பிள்ளையின் பக்கமிருந்து பாருங்கள். வாரம் இரண்டு பீரியட். தேர்வு, விடுமுறை, மழை, தேர்தலுக்காகப் பள்ளியை எடுத்துக்கொள்ளும் நாள் எல்லாம் போக ஆண்டில் 30 வாரம் உருப்படியாகக் கிடைத்தால் பெரிய விஷயம். அறுபது பீரியட், தலா 40 நிமிடம், மொத்தம் 40 மணி நேரம். வகுப்பில் 40 பேர், கணினி 20. ஒன்றுக்கு இரண்டு பேர். மௌஸ் கையில் இருக்கும் நேரம் அதில் பாதி.

ஆண்டுக்கு 20 மணி நேரம்.

கணினி ஆசிரியை தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "சார், இதுக்கா இவ்வளவு பெரிய பேரு?" என்றார். எனக்கு நேர்மாறாகத் தோன்றியது. அதுவரை தொலைநோக்கு என்பது எல்லையில்லாத சொல்லாக இருந்தது, எதை வேண்டுமானாலும் அதில் எழுதலாம். 20 மணி நேரம் என்று தெரிந்ததும் அது ஒரு கேள்வியாகிவிட்டது. கரும்பலகையால் முடியாத, புத்தகத்தால் முடியாத எந்த வேலைக்கு இந்த 20 மணியைச் செலவழிப்பது?

இந்தக் கேள்வியை வைத்தால் பலது தானாக விழுந்துவிடும். பாட வீடியோ பார்ப்பது விழுந்தது. அதை வகுப்பறையில் ஒரு புரொஜெக்டரில் 40 பேருக்கும் ஒன்றாகக் காட்டலாம், ஆசிரியர் நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்கலாம். இருபது திரையில் இருபது தடவை ஓட்டுவதற்கு லேப் எதற்கு? நோட்ஸை டைப் செய்யச் சொல்வது விழுந்தது. பவர்பாயிண்ட் போட்டி விழுந்தது. ஒரு இளம் ஆசிரியருக்கு அதில் வருத்தம்தான்.

நின்றது எது என்பதற்கு ஒரு வகுப்பைச் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் முக்கோணத்தின் நடுக்கோட்டு மையமும் செங்கோட்டு மையமும் வரும். பாடநூலிலேயே இயல் முடிவில் இணையச் செயல்பாடு என்று ஜியோஜீப்ரா என்ற வடிவியல் மென்பொருளுக்கு வழி கொடுத்திருக்கிறார்கள். கரும்பலகையில் நாங்கள் வரையும் முக்கோணம் எப்போதும் ஒரே மாதிரி இருக்கும், மூன்று கோணமும் குறுங்கோணம், பார்க்க லட்சணமாக. மையம் உள்ளே அடக்கமாக உட்கார்ந்திருக்கும். லேப்பில் இரண்டு பெண்கள் ஒரு முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனார்கள். ஒரு கோணம் விரிந்தது, செங்கோட்டு மையம் நகர்ந்து நகர்ந்து ஒரு முனையைத் தொட்டு, முக்கோணத்தை விட்டு வெளியே போய்விட்டது. "ஐயய்யோ சார், வெளிய போயிடுச்சு!" இயந்திரத்தைக் கெடுத்துவிட்டோம் என்ற பயத்தில் ஒருத்தி மௌஸை விட்டுவிட்டாள். மற்றவள் அதை எடுத்துத் திரும்ப இழுத்தாள், உள்ளே வந்தது. மறுபடி இழுத்தாள், வெளியே போனது. எந்த இடத்தில் தாண்டுகிறது என்று நிறுத்திப் பார்த்தபோது கோணம் 90 காட்டியது. அப்புறம் அவளாகவே நடுக்கோட்டு மையத்தை எடுத்துக்கொண்டு அதையும் வெளியே தள்ளப் பார்த்தாள். முடியவில்லை. "இது மட்டும் ஏன் சார் போவ மாட்டேங்குது?"

கணக்கு ஆசிரியர் அங்கேயே பதில் சொல்லிவிடாமல், நாளை வகுப்பில் பேசலாம் என்றார். மறுநாள் அந்த வகுப்பு நடத்துவது அவருக்கு எவ்வளவு சுலபமாக இருந்தது என்று ஆசிரியர் அறையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வாரத்தில் திறந்த பீரியட் எட்டும் நிரம்பின. அறிவியலுக்கு ஃபெட் என்ற உருவகச் செயல்பாடுகள் இருக்கின்றன, அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் தொடங்கியது, இலவசம். மின்சுற்றில் மின்தடையைக் கூட்டினால் எலக்ட்ரான் ஓட்டம் மெதுவாவதைப் பார்க்கலாம். இயற்பியல்காரனான எனக்கு ஒரு எச்சரிக்கை இருந்தது. உண்மையான பல்பு, கம்பி, பேட்டரியை வைத்து ஒரு தடவை எரியவிட்ட பிறகுதான் திரை. தொட்டுச் செய்ய முடிந்ததைத் திரையில் மட்டும் காட்டி முடிப்பது சோதனைக்கூடம் இருக்கும் பள்ளிக்கு அழகில்லை.

கருவியைக் கொடுத்தாலே போதும் என்ற நம்பிக்கைக்கு எதிரான சாட்சியும் எனக்குத் தேவைப்பட்டது, ஏனென்றால் மேலாண்மைக் குழுவில் ஓய்வு பெற்ற வங்கி ஊழியர் ஒருவர் ஆளுக்கு ஒரு டேப் என்பதிலேயே நின்றார். பெரு நாட்டில் ஒரு பிள்ளைக்கு ஒரு மடிக்கணினித் திட்டத்தை 319 தொடக்கப்பள்ளிகளில் ஆராய்ந்து 2012இல் வெளியிட்டார்கள். பிள்ளைகள் கணினியை அதிகம் பயன்படுத்தினார்கள். கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் நகரவில்லை. இன்னொரு பக்கம், டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளை வைத்துக் கார்த்திக் முரளிதரனும் உடன் ஆய்வாளர்களும் செய்த ஆய்வு 2019இல் வந்தது. நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் தெளிவான முன்னேற்றம். காரணம் திரை அல்ல. ஆறாம் வகுப்புப் பிள்ளை கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கி இருக்க, அந்த மென்பொருள் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது நிற்கும் படியிலிருந்து கேள்வி கேட்டது. கூடவே சிறு குழுக்களுக்கு ஓர் உதவி ஆசிரியரும் இருந்தார். இரண்டையும் வங்கிக்காரரிடம் சொன்னேன். "அப்ப நமக்கும் அந்த சாஃப்ட்வேர் வாங்கலாமே" என்றார். மனிதர் எதையாவது வாங்காமல் விடமாட்டார்.

வாங்கவில்லை, ஆனால் அந்தக் கருத்தை எடுத்துக்கொண்டோம். கணினி ஆசிரியை பழைய மேசைக் கணினி ஒன்றை சர்வராக்கி மூடுல் என்ற கற்றல் மென்பொருளை நிறுவினார். இணையம் இல்லாவிட்டாலும் லேப்புக்குள் ஓடும். பின்னம், தசமம், எதிர்ம எண், ஒருபடிச் சமன்பாடு என்று ஒவ்வொன்றிலும் மூன்று படிநிலையில் கேள்விகள். எண்களை ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறாக மாற்றித் தரும் வசதி அதில் உண்டு, பக்கத்துத் திரையைப் பார்த்து எழுதிப் பயனில்லை. கேள்வி எங்கிருந்து? எங்கள் ஆசிரியர்களிடம் பல வருடத்துக் கேள்வித்தாள்கள் இருந்தன, எல்லாம் பாமினி, வானவில் என்ற பழைய எழுத்துருக்களில் அடித்தவை. எடுத்து ஒட்டினால் கேள்வி இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அடைப்புக்குறியுமாக ஒரு கூளம் வந்து விழுந்தது. தமிழ்நாடு அரசு 2010லேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுவிட்டது. பள்ளி அலுவலகங்களில் பழைய எழுத்துருவே இன்னும் ஆட்சி செய்கிறது. எழுத்துரு மாற்றி கொண்டு மாற்றினாலும் கொம்பும் காலும் சில இடத்தில் பிரிந்து நின்றன, பின்னக் கோடுகள் காணாமல் போயின. அந்தக் கோடை விடுமுறையின் பெரும்பகுதி கணக்கு ஆசிரியர்களுக்கு இதிலேயே கழிந்தது. தொலைநோக்குத் திட்டத்தில் இப்படிப்பட்ட வேலைக்கு ஒரு வரியும் எந்தப் பள்ளியும் எழுதுவதில்லை. பணத்தைவிட இதற்குத்தான் அதிகம் ஆள் தேவைப்பட்டது.

ஆறாம், ஏழாம் வகுப்பின் 20 மணியில் கொஞ்சத்தைத் தமிழ்99 விசைப்பலகைக்கு ஒதுக்கினேன். பெற்றோரில் சிலர் இங்கிலீஷ் டைப்பிங் சொல்லிக் கொடுக்கக் கூடாதா என்றார்கள். போனில் தங்கிலீஷில் அடிக்கும் வேகம் பிள்ளைகளுக்குத் தானாக வந்துவிடுகிறது. தமிழில் ஒரு பத்தியைத் திருத்தி, இரண்டு வாக்கியத்தை இடம் மாற்றி, வெட்டி ஒட்டிச் செம்மை செய்யும் பழக்கம்தான் வராது. கட்டுரை என்பது முதல் தடவையிலேயே நோட்டில் நீல மையில் முடிந்துபோவது என்று நம்பும் பிள்ளைக்கு, எழுதியதை மாற்றலாம் என்பதே கணினி கொடுக்கும் பெரிய செய்தி. தமிழாசிரியை இதைப் புரிந்துகொண்டதும் என்னைவிட உறுதியாக நின்றார்.

ஆசிரியர்களிடம் வருங்காலத்தைப் பேச ஒரு வழி கண்டுபிடித்தோம். உங்கள் நோக்கம் என்ன, இலக்கு என்ன என்று கேட்டால் எல்லோருக்கும் சுற்றறிக்கை மொழி வந்துவிடுகிறது. அதனால் ஒரே ஒரு பத்தி எழுதச் சொன்னேன். 2027 ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை, நான்காம் பீரியட், உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை என்ன செய்துகொண்டிருக்கிறது? எழுவாய் பிள்ளையாக இருக்க வேண்டும். ஆசிரியரோ கருவியோ எழுவாயாக இருக்கக் கூடாது. நிபந்தனை இவ்வளவுதான்.

வந்தவற்றில் பாதி பயனில்லை. "மாணவர்கள் ஆர்வத்துடன் கவனிப்பர்" என்று முடிந்தவை அவை. கவனிப்பது இப்போதும் நடக்கிறதே. ஆனால் யாரும் கணினிக்காரர் என்று நினைக்காத உடற்கல்வி ஆசிரியரிடமிருந்து வந்த பத்திதான் திட்டத்தில் அப்படியே ஏறியது. நீளம் தாண்டும் பையன் தான் குதிப்பதைப் போனில் மெதுவான ஓட்டத்தில் பார்க்கிறான், பலகையை விட்டு எவ்வளவு முன்னால் காலை ஊன்றுகிறான் என்று அவனே கண்டுபிடித்து, ஓட்டத் தொடக்கக் குறியைத் தள்ளி வைக்கிறான். இதற்கு 2027 வேண்டாம், நாளைக்கே செய்யலாம் என்றேன். செய்தார். கிழக்கு மூலையில் மணல் குழிக்குப் பக்கத்தில் நடந்த அந்த மின்வழிக் கற்றலைப் பார்வையிட வந்த அலுவலர் யாரும் கண்டதில்லை, அவர்கள் நேரே லேப்புக்குத்தான் போனார்கள்.

எதிர்ப்பு வந்தது பத்தாம் வகுப்பிலிருந்து. பத்தாம் வகுப்பின் இரண்டு பீரியடை எங்கிருந்து எடுப்பது? ஒவ்வொரு பாட ஆசிரியருக்கும் தேர்ச்சி விழுக்காடு தலைக்கு மேல் நிற்கிறது. "ரிசல்ட் குறைஞ்சா கூட்டத்துல என்னைத்தானே சார் எழுப்பி நிக்க வெப்பாங்க, உங்க விஷனையா?" என்று சமூக அறிவியல் ஆசிரியர் கேட்டார். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. பத்துக்கு மட்டும் ஜனவரிக்கு அப்புறம் லேப் பீரியடைக் கணக்கில் பின்தங்கியவர்களுக்கான பயிற்சிக்கே கொடுத்துவிடுவது என்று சமரசம் செய்தோம். அது திட்டத்தின் பலவீனமான இடம்தான். அட்டவணையில் சண்டை போட்டு வாங்காத எதுவும் பள்ளியில் நடக்காது என்பதால், பலவீனமாகவாவது அட்டவணையில் இருக்கட்டும் என்று விட்டேன்.

மேலாண்மைக் குழுவின் தலைவி எட்டாம் வகுப்புப் பெண்ணின் அம்மா. கணவர் பெங்களூரில். வரைவை வாசித்து முடித்ததும் அவர் கேட்டதை இன்றும் அந்தத் திட்டத்தின் முதல் பக்கத்தில் பார்க்கலாம். "சார், லேப்ல என்னா பண்ணனு கேட்டா எம்பொண்ணு கம்ப்யூட்டர்ங்கிறா. கம்ப்யூட்டர்ல என்னா பண்ணனு கேட்டா முழிக்கிறா. அது இந்தப் பேப்பர்ல எங்க இருக்கு?" எங்கும் இல்லை. அவருக்காகச் சேர்த்தது ஒரு 40 பக்க நோட்டு. லேப் விட்டு எழுந்திருக்கும் முன் கடைசி மூன்று நிமிடம், இன்று என்ன செய்தேன், எது வரவில்லை என்று இரண்டு வரி. மின்சாரம் போன நாளிலும் எழுத வேண்டும். "இன்று கரண்ட் இல்லை, பேட்டரியும் இல்லை" என்ற வரி எத்தனை நோட்டில் வந்தது என்று எண்ணியே பேட்டரிக்குப் பணம் கேட்டோம்.

பேட்டரி பெரிய தலைவலி. யுபிஎஸ் பேட்டரி மூன்று, நான்கு வருடத்தில் செத்துவிடும். 2019இல் வந்தவை 2022இல் ஐந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. எங்கள் அளவு பள்ளிக்கு ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில் ஆண்டுக்கு 75,000 ரூபாய் பள்ளி மானியம். சாக்பீஸ், பதிவேடு, சின்னப் பழுது, கழிவறைச் சுத்தம் எல்லாம் அதற்குள். புதிதாகப் பொருள் வாங்க நன்கொடையாளர் கிடைப்பார், மேலே பெயர் எழுதலாம். பேட்டரி மாற்ற யாரும் வருவதில்லை. எனவே திட்டத்தில் எந்தப் பொருளை ஏற்பதானாலும் ஐந்து வருடப் பராமரிப்புக்கு யார் பணம் தருவார் என்று எழுதாமல் ஏற்பதில்லை என்று போட்டோம். இதனால் ஒரு ஸ்மார்ட் போர்டைத் திருப்பி அனுப்பினோம். ஊரில் சிலருக்கு என் மேல் கோபம், இன்னும் இருக்கலாம்.

இலவசமாக வருபவர்கள் தனி ரகம். ஒரு நிறுவனத்துப் பிரதிநிதி முழுக்கைச் சட்டையோடு வந்து, செயலி முழுக்க இலவசம், மாணவர் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் கைபேசி எண் மட்டும் எக்செல்லில் கொடுத்தால் போதும் என்றார். 640 குடும்பத்தின் எண்ணை ஒரே தாளில் கேட்கிற இலவசம். அப்போது சட்டம் இல்லை. 2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தனிநபர் எண்மத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குள்ளானவர் தரவைத் தொட பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டம் வருமுன்னரே குழுத் தலைவி சொன்னது போதுமானதாக இருந்தது: "எம்நம்பர நீங்க குடுக்கக் கூடாது சார்."

திட்டம் எழுதி முடித்த சூடு ஆறுவதற்குள் சாட்ஜிபிடி வந்தது, 2022 நவம்பர் கடைசியில். எங்கள் ஊருக்கு எட்ட ஒரு வருடம் ஆகும் என்று நினைத்தேன், பொங்கல் விடுமுறை முடிந்து வந்தபோது ப்ளஸ் ஒன் ஒப்படைப்புகளில் தெரிந்தது. பிறகு தமிழிலும் வர ஆரம்பித்தது. சாத்தனூர் அணை பற்றி ஒரு பையன் கொடுத்த கட்டுரையில், எந்தச் செயலியில் எடுத்தானோ, அணை பாலாற்றின் குறுக்கே இருந்தது. எங்கள் பிள்ளைகள் பலர் சுற்றுலா போவதே அந்த அணைக்குத்தான், அது தென்பெண்ணையில் 1958இல் கட்டி முடித்தது என்பது முகப்பில் நிற்கிறவருக்கெல்லாம் தெரியும். வகுப்பில் சிரிப்பு. தமிழாசிரியை சிரித்துவிட்டு விடவில்லை. அதே கட்டுரையை எல்லோருக்கும் அச்சிட்டுக் கொடுத்து, பிழை எங்கே, எப்படி உறுதி செய்வாய் என்று ஒரு பீரியட் நடத்தினார். இணையம் இல்லாத நாளுக்காகக் கணினி ஆசிரியை கிவிக்ஸ் என்ற செயலி மூலம் தமிழ் விக்கிப்பீடியாவை சர்வரில் இறக்கி வைத்திருந்தது அங்கே பயன்பட்டது. ஒரு பெண் விக்கிப்பீடியாவையும் நம்பாமல் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்த தாத்தாவைக் கேட்டு வந்தாள்.

இதற்குப் பிறகு திட்டத்தில் ஒரு விதி சேர்ந்தது. எந்த ஒப்படைப்பையும் எதைக் கொண்டும் தயாரிக்கலாம். மதிப்பெண், அதைப் பற்றி எழுந்து நின்று பேசும் ஐந்து நிமிடத்துக்கு மட்டும். தடை போடலாம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். லேப்பில் தடை போடலாம், பையனின் சட்டைப் பைக்குள் எப்படிப் போடுவது? இந்த விதியால் ஆசிரியருக்கு வேலை கூடியது உண்மை. 40 பேரை ஐந்து நிமிடம் கேட்டால் ஐந்து பீரியட் போய்விடும். அதனால் ஒப்படைப்புகளின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்தோம். குறைந்ததால் யாருக்கும் நஷ்டம் வந்ததாகத் தெரியவில்லை.

முடிவில் திட்டம் ஏழு பக்கம் வந்தது. அதில் சாமான் பட்டியல் கால் பக்கம், பேட்டரியும் இரண்டு ஹெட்போன் பெட்டியும். மேலே அனுப்பியபோது படிவத்தில் உபகரணத் தேவைக்கான கட்டங்கள் காலியாக இருப்பதாகத் திருப்பி அனுப்பினார்கள். பேட்டரியை மூன்று கட்டத்தில் பிரித்து எழுதி அனுப்பினோம், ஏற்றுக்கொண்டார்கள். கடைசிப் பக்கத்தில் ஒவ்வொரு ஜூனிலும் 20 மணிக் கணக்கை முதலிலிருந்து போட வேண்டும், பழைய தாளை வைத்துக்கொண்டு தேதி மாற்றக் கூடாது என்று எழுதியிருந்தோம்.

நான் ஓய்வு பெற்ற அடுத்த வருடம் புதிய தலைமையாசிரியர் திறந்த பீரியட் எட்டையும் பத்தாம் வகுப்பு சிறப்பு வகுப்புக்கு எடுத்துவிட்டார், கீழ் வகுப்புகளிலிருந்தும் வெள்ளி, செவ்வாய் இரண்டு நாளில் கைவைத்தார். கணினி ஆசிரியை போனில் பொருமினார். என்னிடம் சொல்லிப் பயனில்லை, குழுக் கூட்டத்தில் அந்தப் பழைய கணக்கைப் புதிய எண்களோடு போட்டுக் காட்டுங்கள் என்றேன். காட்டினார். 20 மணி 14 ஆகியிருந்தது. அந்த ஆறு மணி நேரத்தில் பிள்ளை என்னென்ன செய்யாமல் போகும் என்று குழுத் தலைவி கேட்க, ஆசிரியை லேப் நோட்டுகளை விரித்து வைத்தாராம். தலைமையாசிரியரும் நியாயமானவர்தான், அவருக்கும் தேர்ச்சி விழுக்காடு இருக்கிறது. செவ்வாய் திரும்பி வந்தது, வெள்ளி வரவில்லை, திறந்த பீரியடில் மூன்று கிடைத்தது. பேட்டரிக்கான தீர்மானத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள்.